பாட்டிலா, கெக்கா? வீட்டில் காய்ச்சிய பீரை நீண்ட நாள் வைத்திருப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொதித்து முடிந்த பீரை எதில் அடைப்பது என்ற கேள்வி, வீட்டில் பீர் காய்ச்சும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து அடைத்து, உள்ளேயே வாயு உண்டாக விடுவது ஒரு வழி. துருப்பிடிக்காத எஃகு கெக்கில் ஊற்றி, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவது இன்னொரு வழி. இங்கே கெக் என்று சொல்வதெல்லாம் வீட்டில் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் 19 லிட்டர் 'கார்னி' கெக்கைத்தான். இரண்டு வாரத்தில் குடித்து முடிக்கப் போகிறீர்கள் என்றால் எதில் வைத்தாலும் ஒன்றுதான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைக்க நினைப்பவர்களுக்கானது இந்தப் பக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், நீண்ட நாள் வைக்க எது நல்லது?

ஒரு வருடத்துக்கு மேல் வைக்கப் போகும் கனமான (ஆல்கஹால் அதிகமுள்ள) பீர் என்றால் பாட்டில். ஆறு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் பீர் என்றால் கெக். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணத்துக்காகவே காய்ச்சிய ஐபிஏ மாதிரி பீர் என்றால் இரண்டிலும் நீண்ட நாள் வைக்காதீர்கள், குடித்துவிடுங்கள்.

ஆனால் எந்தப் பாத்திரம் என்பதைவிட, அடைக்கும்போது உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் போனது, அதன் பிறகு எந்த வெப்பநிலையில் இருந்தது என்ற இரண்டும்தான் பீரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அலட்சியமாக நிரப்பிய கெக்கைவிட கவனமாக அடைத்த பாட்டில் பல மடங்கு மேல்.

ஆக்சிஜன் அப்படி என்ன செய்துவிடும்?

முதலில் ஹாப்ஸ் மணம் மங்கும். அப்புறம் வெளிர் நிற பீர் பழுப்பாகத் தொடங்கும். பிறகு நனைந்த அட்டைப்பெட்டி போல ஒரு வாசனை வரும். அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் சேர்மம் டிரான்ஸ்-2-நோனனால். மிகச் சிறிய அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். கருப்பு பீர்களிலும் கனமான ஏல்களிலும் (ஏல் ஒரு பீர் வகை) இதே ஆக்சிஜன் உலர் திராட்சை, ஷெர்ரி ஒயின் போன்ற சுவையைக் கொடுக்கும். கொஞ்சமாக இருந்தால் அதை 'முதிர்ச்சி' என்று ரசிக்கிறோம், அதிகமானால் கீழே கொட்டுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 500 மில்லி பாட்டிலில் மேலே 20 மில்லி காலி இடம் விட்டு, அது முழுக்கக் காற்றாக இருக்கும் நிலையில் மூடுகிறீர்கள். அந்தக் காற்றில் சுமார் 4 மில்லி ஆக்சிஜன் இருக்கும்; எடையில் ஐந்தரை மில்லிகிராம். ஒரு லிட்டர் பீருக்கு 11 மில்லிகிராம் என்று ஆகிறது. பெரிய ஆலைகள் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கத்தான் பாடுபடுகின்றன. நூறு மடங்கு வித்தியாசம்.

கெக்கில் இது நடக்காது என்று நினைத்துவிட வேண்டாம். காற்றை வெளியேற்றாமல் 18.5 லிட்டர் பீர் ஊற்றி அரை லிட்டர் இடம் விட்டு மூடினால், லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். எஃகு என்பதற்காகக் காற்று கருணை காட்டுவதில்லை.

அப்படியானால் பாட்டிலில் அடைத்த பீர் எல்லாமே கெட்டுப்போக வேண்டுமே?

அதைக் காப்பாற்றுவது ஈஸ்ட். பாட்டிலில் போட்ட சர்க்கரையைத் தின்னத் தொடங்கும்போது, முதல் சில நாட்களில் ஈஸ்ட் உள்ளே இருக்கும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. முழுவதையும் அல்ல, பீரில் உள்ள மற்ற சேர்மங்களும் அதே நேரத்தில் ஆக்சிஜனோடு சேரப் போட்டி போடுகின்றன. ஆனாலும் உயிருள்ள ஈஸ்டோடு அடைத்த பாட்டில், ஈஸ்ட் இல்லாமல் அடைத்ததைவிட நீண்ட நாள் தாங்குவதற்கு இதுவே பெரிய காரணம்.

சிலிண்டர் வாயு ஏற்றிய கெக்கில் இந்த உதவி கிடைக்காது. அங்கே நொதித்தல் முடிந்து, பீர் குளிர்ந்து, ஈஸ்ட் தூங்கிப்போயிருக்கும். தப்பிப் போன ஆக்சிஜனை யாரும் துடைக்க மாட்டார்கள். கெக்கிலும் சர்க்கரை போட்டு இயற்கையாக வாயு உண்டாக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். பாட்டிலுக்குப் போடும் சர்க்கரையில் பாதி முதல் முக்கால் பங்கு வரை போதும். குறைந்தால் சிலிண்டரிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம், கூடினால் வால்வைத் திறந்து விடலாம். பாட்டிலில் இந்தச் சலுகை இல்லை. கெக்கில் சர்க்கரை போட்டு மூடியதும் சிலிண்டரால் 30 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) வரை ஒரு முறை அழுத்தம் கொடுத்து மூடியை இறுக உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் ஈஸ்ட் உண்டாக்கும் மெல்லிய ஆரம்ப அழுத்தம் மூடியோரத்தில் கசிந்து போய்க்கொண்டே இருக்கும்.

கெக்கிலிருந்து காற்றை எப்படி முழுமையாக வெளியேற்றுவது?

மூடியைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் கார்பன் டை ஆக்சைடு விட்டால் போதும், அது கனமான வாயு, போர்வை போலக் கீழே படுத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. வாயுக்கள் அப்படி அடுக்கடுக்காக நிற்காது, கலந்துவிடும்.

உண்மையில் பலன் தருவது, பிறகு தண்ணீரால் அலசத் தேவையில்லாத கிருமிநாசினிக் கரைசலால் கெக்கை வாய் வரை நிரப்பி, மூடி, வாயு அழுத்தத்தால் அந்தக் கரைசல் முழுவதையும் பீர் குழாய் வழியே வெளியே தள்ளுவது. திரவம் இருந்த இடத்தில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே மிஞ்சும். அப்புறம் மூடியைத் திறக்காமலேயே, நொதிகலனிலிருந்து குழாய் மூலம் கெக்கின் பீர் வால்வு வழியாக அடியிலிருந்து நிரப்ப வேண்டும்.

வாயுவை மிச்சப்படுத்த விரும்பினால் நொதித்தலையே வேலை வாங்கலாம். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 19 லிட்டர் பீர் நொதிக்கும்போது 350 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடும். அந்த வாயு வெளிவரும் குழாயை கெக்கின் வழியாக விட்டால், கெக்கின் கொள்ளளவைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு வாயு இலவசமாகக் கழுவிவிட்டுப் போகும்.

இரண்டும் முடியவில்லை, திறந்துதான் ஊற்றினேன் என்றால், 30 பிஎஸ்ஐ வரை ஏற்றி விடுவிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் மேலே உள்ள ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மூன்று தடவை செய்து நிறுத்தினால் இன்னும் 0.8 சதவீதம் இருக்கும். பத்துத் தடவை செய்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஊற்றும்போதே பீரில் கரைந்துவிட்ட ஆக்சிஜனை இது எடுக்காது.

பாட்டிலில் சர்க்கரை எவ்வளவு போட வேண்டும்?

லிட்டருக்கு 4 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரை, பீரின் கொள்ளளவுக்குச் சமமான ஒரு பங்கு வாயுவை உண்டாக்கும். இதை ஒரு வால்யூம் என்பார்கள். 20 டிகிரி செல்சியஸில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே சுமார் 0.85 வால்யூம் கரைந்திருக்கும். வழக்கமான ஏலுக்கு 2.4 வால்யூம் வேண்டும் என்றால் மீதி 1.55-க்கு, லிட்டருக்கு 6.2 கிராம். 19 லிட்டருக்கு ஏறக்குறைய 118 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) பயன்படுத்தினால் சற்றுக் கூடுதலாக வேண்டும்.

தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து, பாட்டிலில் அடைப்பதற்கான வாளியின் அடியில் முதலில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சலசலப்பில்லாமல் இறக்க வேண்டும். அப்படியும் ஒரு முறை மெதுவாகக் கலக்கிவிடுவது நல்லது. சில பாட்டில் பொங்குவதும் சில பாட்டில் சப்பென்று இருப்பதும் பெரும்பாலும் சர்க்கரை சீராகக் கலக்காததால்தான்.

பாட்டில் வெடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நீண்ட நாள் சேமிப்பில் இந்த ஆபத்து கூடத்தான் செய்யும், குறைவதில்லை.

முதல் காரணம் அவசரம். நொதித்தல் முடியும் முன் அடைப்பது. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.014 காட்டுகிறது, உண்மையில் அது 1.010 வரை இறங்க வேண்டிய பீர் என்று வையுங்கள். மிச்சமுள்ள அந்த நான்கு புள்ளிகள் மட்டுமே கிட்டத்தட்ட 2 வால்யூம் வாயுவைச் சேர்க்கும். நீங்கள் போட்ட சர்க்கரையோடு சேர்ந்தால் 4.4. சாதாரண பீர் பாட்டிலை 3-க்கு மேல் நம்ப முடியாது. எனவே இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் மாறாமல் இருந்தால்தான் அடைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் மெதுவாக வேலை செய்யும். காட்டு ஈஸ்டோ, 'டயஸ்டாட்டிகஸ்' வகை ஈஸ்டோ உள்ளே புகுந்துவிட்டால், சாதாரண ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற சிக்கலான சர்க்கரைகளையும் அது மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும். மூன்றாம் மாதம் நன்றாக இருந்த பாட்டில் ஒன்பதாம் மாதம் குண்டாக மாறுவது இப்படித்தான். பெல்ஜிய சேசான் ஈஸ்டுகளில் பல இயல்பாகவே இந்த வகை. அவற்றைப் பயன்படுத்தும் கருவிகளை மற்ற பீர்களுக்குப் பயன்படுத்தும் முன் மிகக் கவனமாகச் சுத்தம் செய்யுங்கள்.

பாட்டில்களை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். ஒரே தொகுதி பீரில் கொஞ்சத்தை மட்டும் ஒரு கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்தால், அதைக் கையால் அழுத்திப் பார்த்தே உள்ளே நடப்பது தெரியும். திறந்தவுடன் நுரை கூரைக்குப் போகிற தொகுதி என்றால், மீதி பாட்டில்களை நன்றாகக் குளிரவைத்து, கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்து, ஒவ்வொன்றாக அழுத்தத்தை விடுங்கள்.

எந்த மாதிரி பாட்டில்?

பழுப்பு. ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் மீது ஒளி பட்டால், கந்தகம் கலந்த ஒரு நாற்றம் உண்டாகும். மேலைநாட்டவர் இதை ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவார்கள். நேரடி வெயிலில் சில நிமிடமே போதும். பழுப்புக் கண்ணாடி இதற்குக் காரணமான ஒளியை நன்றாகத் தடுக்கும், பச்சை சரியாகத் தடுக்காது, நிறமில்லாதது தடுப்பதே இல்லை. கெக்குக்கு இந்தக் கவலையே கிடையாது.

வாயு அதிகம் தேவைப்படும் பெல்ஜிய வகை பீர்களுக்குத் தடித்த பாட்டில் அல்லது ஷாம்பெயின் பாட்டில். அதன் வாய் அளவைப் பார்த்து மூடி வாங்குங்கள். 26 மில்லிமீட்டர், 29 மில்லிமீட்டர் என இரண்டு அளவு உண்டு.

கம்பியால் இறுக்கும் மூடி கொண்ட பாட்டில் வசதியானது, ஆனால் ரப்பர் வாஷர் காய்ந்தால் கசியும். நீண்ட சேமிப்பு என்றால் புது வாஷர் போடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வழியே வாயு வெளியேறும், ஆக்சிஜன் உள்ளே வரும். சில மாதத்துக்கு மேல் வேண்டாம்.

ஆக்சிஜனை உறிஞ்சும் மூடிகள் வாங்கலாமா?

வாங்கலாம். சாதாரண கிரவுன் மூடியின் (விளிம்பை மடித்து இறுக்கும் தகர மூடி) உட்புற லைனர் வழியாகவும் ஆக்சிஜன் மிக மெதுவாக உள்ளே ஊடுருவும். ஒரு வருடத்துக்கு மேல் வைப்பதாக இருந்தால் உறிஞ்சும் மூடி செலவுக்கேற்ற பலன் தரும். ஆனால் 20 மில்லி காற்றை உள்ளே விட்டுவிட்டு மூடியை நம்பினால் அது தாங்காது. பீரை அடியிலிருந்து நிரப்பும் குழாயால் நிரப்பி, மூடியை வாயில் வைத்துவிட்டு, பாட்டிலை லேசாகத் தட்டி நுரை மேலே எழும்பும்போது இறுக்குங்கள். நுரை காற்றைத் தள்ளிவிடும். காசில்லாத இந்தப் பழக்கம் மூடியைவிட அதிகம் உதவும்.

கெக்கை கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோடு இணைத்தே வைத்திருக்கலாமா?

குடித்துக்கொண்டிருக்கும் கெக் என்றால் சரி. வருடக்கணக்கில் வைக்கும் கெக் என்றால் வேண்டாம். எங்காவது மிகச் சின்னக் கசிவு இருந்தாலும் சிலிண்டர் முழுவதும் காலியாகும். அதுவும் மூடிய சின்ன அறையில் கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் மூச்சுக்கே ஆபத்து. வாயு நன்றாகக் கரைந்த பிறகு சிலிண்டரைக் கழற்றிவிட்டு, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மாதம் ஒரு முறை அழுத்தமானியை மாட்டிப் பார்ப்பது போதும்.

அழுத்தம் வெப்பநிலையோடு மாறும் என்பதையும் மனதில் வையுங்கள். 2.5 வால்யூம் வாயுள்ள பீர் 4 டிகிரியில் ஏறத்தாழ 12 பிஎஸ்ஐ காட்டும். அதே கெக் 20 டிகிரியில் 28 பிஎஸ்ஐ பக்கம் காட்டும். இதைப் பார்த்துப் பயந்து வாயுவை வெளியே விட்டால், குளிரவைக்கும்போது பீர் சப்பென்று இருக்கும்.

பீர் குழாயையும் கழற்றுங்கள். சாதாரண பிளாஸ்டிக் குழாய் ஆக்சிஜனை உள்ளே விடும். அதில் தேங்கிய பீர்தான் முதல் கிளாஸில் பழசாக வருவது.

கெக்கில் ரப்பர் வளையங்களை மாற்றவேண்டுமா?

நீண்ட சேமிப்புக்கு இது பலர் கவனிக்காத இடம். மூடியில் மென்மையாக உட்காரும் சிலிக்கோன் வளையம் கசிவை நன்றாக நிறுத்தும், ஆனால் ஆக்சிஜன் அதன் ஊடே எளிதில் புகும். உள்ளே அழுத்தம் இருந்தால் வெளிக்காற்று வராது என்று வாதிடுவார்கள். வாயுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் பகுதி அழுத்தத்தைப் பொறுத்தே நகர்கின்றன; உள்ளே கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு அழுத்தத்தில் இருந்தாலும் வெளியே இருக்கும் ஆக்சிஜனுக்கு அது தடையல்ல. நைட்ரைல் ரப்பர் வளையம் சிலிக்கோனைவிட இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. பழைய கெக் வாங்கினால் எல்லா வளையங்களையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள், முன்பு அதில் இருந்த குளிர்பானத்தின் வாசனையும் போகும்.

கெக்கை பிளீச்சால் கழுவ வேண்டாம். குளோரைடு எஃகில் நுண்குழிகளை உண்டாக்கும்.

எந்த வெப்பநிலையில் வைப்பது?

பத்து டிகிரி கூடினால் பீர் பழசாகும் வேகம் தோராயமாக இரண்டு மூன்று மடங்காகும். பாட்டிலில் வாயு உண்டாக முதல் இரண்டு மூன்று வாரம் 20 டிகிரி சுற்றி வையுங்கள். அதன் பிறகு 10 முதல் 13 டிகிரி, முதிர வேண்டிய கனமான பீருக்கு ஏற்றது. லேசான பீரை அப்படியே வைத்திருக்க வேண்டுமென்றால் குளிர்சாதனப் பெட்டி. ஏறி இறங்காத வெப்பநிலை, சில டிகிரி அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை.

இங்கே பாட்டிலுக்கு ஒரு பலவீனம் உண்டு. 19 லிட்டர் என்றால் 500 மில்லி பாட்டில் 38. அத்தனைக்கும் குளிர்ந்த இடம் கிடைப்பது சிரமம். ஒரு கெக் நின்றால் ஒரு சதுர அடிகூட ஆகாது. குளிர்ந்த இடம் குறைவு என்றால் கெக்கில் குளிரவைப்பதே சரி. வெப்பமான அலமாரியில் 38 பாட்டில் வைப்பதைவிட அது மேல்.

படுக்க வைப்பதா, நிமிர்த்தி வைப்பதா?

கிரவுன் மூடி என்றால் நிமிர்த்தி. ஈஸ்ட் அடியில் படியும், ஊற்றும்போது கலங்காது.

எந்த பீர் முதிரத் தகும்?

பார்லிவைன், இம்பீரியல் ஸ்டவுட், ஓல்டு ஏல், டாப்பல்பாக், புளிப்பு பீர்கள். பொதுவாக 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருப்பவை, அல்லது அமிலம் அதிகமுள்ளவை. கோதுமை பீர், பில்ஸ்னர், லேசான ஏல் எல்லாம் முதிர்வதில்லை, வயதாகின்றன.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் பாட்டில் பக்கம் நான் சாய்வது ஏன் என்று புரியும். 11 சதவீத இம்பீரியல் ஸ்டவுட்டை யாரும் வாரம் முழுக்கக் குழாயில் பிடித்துக் குடிப்பதில்லை. ஒரு கெக் இரண்டு வருடம் அதில் சிக்கிக்கொள்ளும். பாட்டிலில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒன்று திறந்து, எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு மூடி மோசமாக இருந்தால் ஒரு பாட்டிலோடு போகும். கெக்கில் ஒரு வளையம் மோசமென்றால் மொத்தமும் போச்சு.

இவ்வளவு கனமான பீர் மாதக்கணக்கில் நொதிகலனில் இருந்திருந்தால் அதன் ஈஸ்ட் களைத்துப் போயிருக்கும். அடைக்கும்போது ஆல்கஹால் தாங்கும் புது ஈஸ்ட் கொஞ்சம் சேருங்கள். இல்லாவிட்டால் வாயுவே வராமல் போகலாம்.

அடியில் தங்கும் ஈஸ்ட் பீரைக் கெடுக்காதா?

குளிர்ந்த இடத்தில் பாட்டிலில் இருக்கும் மெல்லிய படிவு ஓரிரு வருடத்தில் பெரிதாக எதுவும் செய்யாது. வெப்பத்தில் வைத்தால் இறந்த ஈஸ்ட் சிதைந்து, சோயா சாஸ் போன்ற அல்லது இறைச்சிச் சாறு போன்ற சுவை வரும். கெக்கில் படிவு இருந்தால் முதல் ஓரிரு கிளாஸ் கலங்கலாக வரும். அதன் பிறகு கெக்கை நகர்த்தாதவரை தெளிவாக இருக்கும். மேலிருந்து எடுக்கும் மிதவைக் குழாய் போட்டால் அதுவும் இல்லை.

பழைய பீர் குடித்தால் உடம்புக்கு ஆகாதா?

ஆல்கஹால், குறைந்த பிஎச், ஹாப்ஸ் மூன்றும் சேர்ந்த இடத்தில் நோய்க்கிருமிகள் வளர்வது மிக அரிது. பழசான பீர் சுவை கெட்டதே தவிர நஞ்சல்ல. பூஞ்சை படர்ந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கெக்கில் முதிரவைத்து, பிறகு பாட்டிலுக்கு மாற்றலாமா?

மாற்றலாம், போட்டிக்கு அனுப்புபவர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். கெக்கையும் பாட்டில்களையும் நன்றாகக் குளிரவையுங்கள். குளிர்ந்த பீர் குறைவாக நுரைக்கும். எதிரழுத்தம் கொடுத்து நிரப்பும் கருவி இருந்தால் முதலில் பாட்டிலைக் கார்பன் டை ஆக்சைடால் கழுவி, மெதுவாக நிரப்பி, நுரையின் மேலேயே மூடுங்கள். கொஞ்சம் வாயு போகும் என்பதால் கெக்கில் சற்றுக் கூடுதலாக ஏற்றி வைப்பது வழக்கம்.

ஆனால் இந்தப் பாட்டிலில் ஆக்சிஜனைத் தின்ன விழித்திருக்கும் ஈஸ்ட் கிடையாது. அதனால் இப்படி நிரப்பியதைச் சில வாரங்களில், குளிரிலேயே வைத்துக் குடித்துவிடுங்கள். இன்னொரு வருடம் வைப்பதுதான் எண்ணம் என்றால், கெக்கின் வாயுவை வெளியேற்றிவிட்டு, புது ஈஸ்டும் அளந்த சர்க்கரையும் சேர்த்து, முதல்முறை அடைப்பது போலவே அடையுங்கள்.